பாழடைந்த இடம் பார்க்க முதல் நடை: தண்டவாளமா, கம்பமா, கல்லறையா?

அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, கையில் நேரம் நிறைய. ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, சனிக்கிழமை பழைய சாங்கி ஆஸ்பத்திரிக்குப் போலாமா? வேலி ஏறிக் குதிச்சா போதுமாம்."

பேய்க்குப் பயந்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1930களில் பிரிட்டிஷ் ராணுவம் கட்டிய அந்தக் கட்டடம் 1997இல் மூடப்பட்டது. மூடிக் கிடக்கிறதே தவிர, கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. சிங்கப்பூரில் காலி இடம் உண்டு, சொந்தக்காரர் இல்லாத இடம் கிடையாது. பெரும்பாலும் அந்தச் சொந்தக்காரர் சிங்கப்பூர் நில ஆணையம். வேலியில் 'அரசு நிலம்' என்று பலகை தொங்கினால் அதைத் தாண்டுவது அத்துமீறல்தான், உள்ளே படம் மட்டும்தான் எடுத்தேன் என்றாலும். ராணுவ இடங்களில் இன்னொரு சிவப்புப் பலகை இருக்கிறது: துப்பாக்கியை நீட்டியபடி ஒரு சிப்பாய், எதிரே கையைத் தூக்கி நிற்கும் ஒரு மனிதர், கீழே நான்கு மொழியில் எச்சரிக்கை. அதில் தமிழும் உண்டு, ஆகவே படிக்கத் தெரியவில்லை என்று தப்பிக்க வழியில்லை. லிம் சூ காங் பக்கத்துப் பயிற்சி நிலங்களைப் பார்க்க ஆசையென்றால் இரண்டு மாதம் பொறு, ராணுவமே லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் என்றேன்.

சரி, வேலி ஏறாமல் போக என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதற்கு மூன்று இடம் சொன்னேன். மலேசியாவுக்கு ரயில் ஓடிய பழைய ரயில்பாதை, தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கும் ஹைனானியச் சீனர்களின் கம்பம் (மலாயில் கிராமம்), புக்கிட் பிரவுன் என்ற பழைய சீனக் கல்லறை. மூன்றுக்கும் கட்டணம் இல்லை, மூன்றுக்கும் பகலில் போகலாம். மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ரயில்பாதை எங்கள் வீட்டுக்குப் பக்கம். நாங்கள் இருப்பது காமன்வெல்த் வட்டாரம். டாங்லின் ஹால்ட் என்ற பெயரே அங்கே ரயில் நின்றதால் வந்ததுதான். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலும் 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் எழுப்பிய சிறு குடிலாகத்தான் தொடங்கியது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் தஞ்சோங் பகாரிலிருந்து வட எல்லை வரை 24 கிலோமீட்டர் பாதை சும்மா கிடந்தது. அந்த முதல் சில மாதங்களில் போனவர்கள் கொடுத்து வைத்தவர்கள். லாலாங் புல் இடுப்பளவு, நடுவில் துருப்பிடித்த தண்டவாளம், ஆள் அரவமில்லை.

இப்போது அது நல்ல நடைபாதை. குறை சொல்லவில்லை, என் அம்மா தினமும் காலையில் அங்கேதான் நடக்கிறார். ஆனால் பாழடைந்த இடம் தேடிப் போகிறவனுக்கு அங்கே கிடைப்பது சைக்கிள் மணிச் சத்தம். தண்டவாளத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பதில் பார்க்க வேண்டியது புக்கிட் தீமாவின் எஃகுப் பாலமும், 1932இல் கட்டிய அந்தச் சின்ன ரயில் நிலையமும். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, நிலைய அதிகாரி ஓட்டுநர் கையில் ஒரு வளையம் கொடுப்பார். வளையம் கையில் இருந்தால்தான் வண்டி அந்தத் துண்டுப் பாதையில் போகலாம். அந்த வழக்கம் 2011 வரை இங்கே இருந்தது. நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் திறந்துவிட்டார்கள். அழகாக இருக்கிறது, கொஞ்சம் அளவுக்கு மீறியே.

தாம்சன் வேறு மாதிரி. 1930களிலிருந்து 1980கள் வரை ஹைனானியக் குடும்பங்கள் வாழ்ந்த கம்பம் அது. காலி செய்த பிறகு காடு மூடிக்கொண்டது. 2019இல் 50 ஹெக்டரைப் பூங்காவாக்கினார்கள். ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

மருமகனை முதலில் அங்கேதான் கூட்டிப்போனேன். பாசி படிந்த நாலைந்து சிமெண்டுப் படிகள். ஏறினால் வீடு இல்லை. பாதிச் சுவரை அத்திமர வேர்கள் விரல் கோத்த மாதிரி பிடித்திருந்தன. "இதுல என்ன மாமா இருக்கு?" என்றான். பதில் சொல்லாமல் பக்கத்து மரத்தைக் காட்டினேன். ரம்புத்தான். காட்டில் யார் ரம்புத்தானை வரிசையாக நட்டிருப்பார்கள்? ஒரு நிமிடம் நின்று பார்த்தவன் தானாகவே சொல்ல ஆரம்பித்தான்: இது முற்றம், அது தோட்டம், வாசல் அந்தப் பக்கமாக இருந்திருக்கும், அந்தப் பள்ளம் பாதை. பாழடைந்த இடத்தைப் படிப்பது என்றால் இதுதான். சுவரைவிட மரங்கள் நீண்ட நாள் சாட்சி சொல்கின்றன. எங்கே பழமரமோ அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது.

ஒரு குறை, எல்லாமே பாடப்புத்தகம் மாதிரி. பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஏழு மணிக்குள் வெளியே வர வேண்டும், எங்கே நிற்பது என்று பலகையே சொல்லிவிடும். தேசியப் பூங்காக் கழகத்தின் கவலை நியாயமானது, உள்ளே அரிய வகைக் குரங்குகள் இருக்கின்றன. அரிதல்லாத குரங்குகளும் இருக்கின்றன: வாசலில் வாங்கி வந்த கறிப்பஃப் பையை ஒன்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அப்புறம், வெளியே ஓடும் பழைய அப்பர் தாம்சன் சாலையை விட்டுவிடாதீர்கள். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி கார்ப் பந்தயம் நடந்தது அந்த வளைவுகளில்தான். இப்போது அங்கே வேகமாகப் போவது குரங்கு மட்டும்.

புக்கிட் பிரவுனுக்கு அக்கா சம்மதிக்கவே இல்லை. "ஏழாம் மாசத்துல கல்லறைக்கா கூட்டிட்டுப் போற?" சீனர்களின் பேய் மாதம் நம் வீடுகளுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டது. மாதம் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

1922இல் திறந்து 1973இல் அடக்கம் நின்றுபோன இடம். சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். லோர்னி நெடுஞ்சாலைக்காகக் கிட்டத்தட்ட நாலாயிரத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், மீதி காட்டுக்குள். இங்கே கயிறு கட்டிக் காட்டுவாரில்லை. புதருக்குள் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால்தான் என் ஓட்டு இதற்கு. தரையில் பூப்போட்ட பழைய ஓடுகள், இன்னும் நிறம் மங்காமல். ஒவ்வொரு கல்லறைக்கும் பக்கத்தில் மண் தெய்வத்துக்கு ஒரு குட்டிக் கல். நம் ஊர்க் காவல்தெய்வம் மாதிரிதான். சில கல்லறைகளின் இரு பக்கமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகள் நிற்கிறார்கள், கல்லில். உயிரோடு இருந்தபோது வீட்டு வாசலில் சீக்கியரைக் காவல் வைத்த பணக்காரர்கள் செத்த பிறகும் அந்தக் காவலை விடவில்லை. ஒரு சிலையின் மீசையில் எறும்பு சாரை போய்க்கொண்டிருந்தது. மருமகன் அதைப் படம் எடுக்கவே கால்மணி நேரம் செலவழித்தான். எம்ஆர்டி நிலையமாக நமக்குத் தெரிந்த பூன் லே ஒரு மனிதராகப் படுத்திருப்பதும் இங்கேதான் என்று சொன்னபோது கொஞ்சம் திகைத்தான்.

கஷ்டமும் இங்கேதான் அதிகம். நான் முதல்முறை போனது ஒரு காணொளியை நம்பி. 'பத்து நிமிடம், எளிய பாதை' என்றார் அதை எடுத்தவர். செருப்போடு போனேன். மழை பிடித்துக்கொண்டது, சரிவில் வழுக்கி முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூடிய காலணி, முழுக்கால் சட்டை, கொசு மருந்து, முழு சார்ஜோடு கைப்பேசி, கூட ஓர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். கல்லறை மேட்டில் ஏறி நிற்காதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோருக்குப் படைக்கும் சிங் மிங் வரும்போது குடும்பங்கள் வந்து புல்லை வெட்டுவார்கள். அதற்கு அடுத்த சில வாரங்களில்தான் பாதைகள் நன்றாகத் தெரியும். படையல் நடக்கும் நாளில் மட்டும் ஒதுங்கி நடங்கள்.

ஆக, குடும்பத்தோடு என்றால் ரயில்பாதை. எதைப் பார்ப்பது என்றே தெரியாதவர் என்றால் தாம்சன், அரை நாள் போதும். கண் பழகிய பிறகு புக்கிட் பிரவுன். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவரிடம் தாம்சனைத் தாண்டி நேராகப் புக்கிட் பிரவுனுக்கே போகச் சொல்வேன்.

இந்த மூன்றும் முடிந்து தானாகத் தேட ஆசை வந்தால், காணொளிகளைவிடப் பழைய வரைபடம் மேல். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கிறது. பழையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். ஃபேபர் மலைப் பக்கம் கெப்பல் ஹில் நீர்த்தேக்கம் அப்படித்தான் வரைபடத்திலிருந்தே மறைந்து கிடந்தது. 1905இல் கட்டியது, 2014இல் தேசிய மரபுடைமைக் கழகம் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நகரத்துக்கு நடுவில் ஒரு நீர்த்தேக்கமே மறந்துபோகிறது என்றால் ஒரு கிணறோ படிக்கட்டோ எவ்வளவு மறந்திருக்கும்! கண்டுபிடித்த இடத்தில் பலகை இருந்தால் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

புக்கிட் பிரவுனிலிருந்து வெளியே வந்து கால்டிகாட்டில் வட்டப்பாதை ரயில் ஏறினோம். அடுத்த நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். இரண்டுக்கும் நடுவில் புக்கிட் பிரவுன் என்றே ஒரு நிலையம் உண்டு, கட்டி வைத்ததோடு சரி, ரயில் நிற்காமல் போய்விடும் என்று சொன்னேன். மருமகன் எழுந்து போய்க் கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்படியும் பொட்டானிக் கார்டன்ஸ் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

வீட்டு வாசலில் அக்கா துண்டோடு நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் குளிச்சிட்டுத்தான் எதையும் தொடணும்."