எக்ஸ்சேஞ்ச் 2016-லிருந்து மாறி இரண்டு வருடம்: மெயில்பாக்ஸ் படுத்தவில்லை, பெயர்தான் படுத்தியது

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொரு பையனும். மொத்தம் 180 மெயில்பாக்ஸ். மெயில் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம், அதனால் கிளவுட் பேச்சு எடுபடவில்லை. 2019-இல் நிறுவிய எக்ஸ்சேஞ்ச் 2016-ஐ (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருள்) விட்டு 2024 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் 2019-க்கு வந்தோம். 2016, 2019 இரண்டுக்குமே 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிவதாக இருந்ததால், அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே சர்வரை அடுத்த பதிப்பான எக்ஸ்சேஞ்ச் எஸ்இ ஆக்கினோம்.

மெயில்பாக்ஸ்களை நகர்த்தும் வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரவில் வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். என் தூக்கத்தைக் கெடுத்தது எல்லாமே சான்றிதழும் (இந்தப் பெயருக்குரிய சர்வர் இதுதான் என்று உறுதி சொல்வது) டிஎன்எஸ்ஸும்தான் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது).

முதல் அடி நிறுவிய அன்றே. புதன்கிழமை மதியம், "வெறுமனே இன்ஸ்டால்தானே, யாருடைய மெயிலும் இதில் இல்லையே" என்று தைரியமாக ஆரம்பித்தேன். முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கவுண்ட்ஸிலிருந்து போன். "சார், அவுட்லுக் தொறந்தா ஏதோ எச்சரிக்கை வருது. வைரஸ் வந்துருச்சுங்களா?" கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். பெட்டியின் மேலே புது சர்வரின் பெயர். கீழே, இந்தச் சான்றிதழை வழங்கியவரை நம்ப முடியாது என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

நடந்தது இதுதான். எக்ஸ்சேஞ்ச் நிறுவும்போதே ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகத்தின் பயனர், கணினிப் பட்டியல்) தன் ஆட்டோடிஸ்கவர் முகவரியை (அவுட்லுக் தன் அமைப்புகளைத் தேடிப் போகும் இடம்) பதிந்துவிடும். டொமைனில் இருக்கும் அவுட்லுக் எல்லாம் அங்கேதான் முதலில் போய்ப் பார்க்கும். அந்தப் பதிவில் இருப்பது புது சர்வரின் சொந்தப் பெயர். அதன் கையில் இருப்பதோ தானே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ். பவர்ஷெல்லில் ஒரே வரிக் கட்டளையில் அந்த முகவரியை எல்லோருக்கும் பொதுவான மெயில் பெயருக்கு மாற்றியதும் புகார் நின்றது. இப்போது யாராவது கேட்டால், ஆளில்லாத நேரத்தில் நிறுவுங்கள், முடியாவிட்டால் கணினிகளே இல்லாத தனி ஆக்டிவ் டைரக்டரி சைட்டில் வைத்து நிறுவி, முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் வெளியே கொண்டுவாருங்கள் என்கிறேன்.

சான்றிதழில் நாங்கள் வைத்திருப்பது இரண்டே பெயர்: மெயில் பெயர், ஆட்டோடிஸ்கவர் பெயர். சர்வரின் சொந்தப் பெயர் அதில் கிடையாது, தேவையும் இல்லை. எல்லா யுஆர்எல்லிலும் உள்ளே வெளியே இரண்டுக்கும் அதே மெயில் பெயரைக் கொடுத்துவிட்டால், சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் பயனருக்குத் தெரியாது. பழைய சர்வரிலிருந்து சான்றிதழைத் தனிச்சாவியோடு (சர்வரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி) எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. 2023-இல் புதுப்பித்த நான், சாவியை வெளியே எடுக்கலாம் என்ற தேர்வைக் குறியிட மறந்திருந்தேன். புது சர்வரில் கோரிக்கை தயாரித்து மறு வெளியீடு வாங்கினோம். செலவில்லை, அரை நாள் போனது.

டிஎன்எஸ்ஸில் வெளியே எதையும் தொடவில்லை. வெளி முகவரி ஃபயர்வாலைத்தான் காட்டுகிறது, ஃபயர்வாலில் மட்டும் பழைய ஐபிக்குப் பதில் புது ஐபி. உள்ளே, அதே மெயில் பெயருக்கு அலுவலக டிஎன்எஸ்ஸில் தனிப் பதிவு உண்டு. அதன் டிடிஎல் (மற்ற கணினிகள் அந்தப் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஒரு மணி நேரமாக இருந்ததை இரண்டு நாள் முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்து, ஞாயிறு காலை மாற்றினேன். 2016-உம் 2019-உம் ஒன்றுக்கொன்று இணைப்பைக் கடத்திவிடும் என்பதால் மெயில்பாக்ஸ் எதில் இருந்தாலும் கவலையில்லை. இந்த ஒரு விஷயம் சொன்னபடி நடந்தது.

திங்கள்கிழமை வேறொன்று. வெளியே போகும் மெயில் சிலருக்கு ஸ்பேமில் விழுகிறது, சிலரிடமிருந்து திரும்பி வருகிறது. என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி மூலத்தலைப்பைத் திறந்தால் எஸ்பிஎஃப் (நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த ஐபிகளுக்கு அனுமதி என்ற பட்டியல்) தோல்வி என்று இருக்கிறது. பழைய சர்வர் ஐபிக்கு மட்டும் ஃபயர்வாலில் தனி வெளி முகவரி ஒதுக்கியிருந்தோம். புது சர்வர் அந்த விதிக்குள் வராமல், எல்லோரும் யூடியூப் பார்க்கும் பொது வழியில் போயிருக்கிறது. அந்த ஐபி எஸ்பிஎஃப் பட்டியலிலும் இல்லை, அதற்குரிய பிடிஆர் பதிவும் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) நம் பெயரில் இல்லை. விதியைத் திருத்தியதும் சரியானது. பிடிஆர் நம் டொமைன் பேனலில் இருக்காது, இணைய இணைப்புத் தருபவர் கையில் இருக்கும். புது வெளி ஐபிக்கே போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வைத்துவிடுங்கள்.

மே மாதம் தப்பித்தோம். மைக்ரோசாஃப்ட் தரும் ஹெல்த் செக்கர் ஸ்கிரிப்டைச் சும்மா ஓட்டிப் பார்த்தபோது ஆத் சான்றிதழ் (எக்ஸ்சேஞ்ச் தனக்குள் அடையாளம் சரிபார்க்கப் பயன்படுத்துவது) அடுத்த மாதம் காலாவதி என்று காட்டியது. இது நாம் காசு கொடுத்து வாங்குவது அல்ல. முதல் சர்வரை நிறுவும்போது தானாக உருவாகி ஐந்து வருடம் இருக்கும், அமைப்பு முழுவதற்கும் பொது. புது சர்வர் வந்தால் புதிதாக உருவாகாது, பழையதையே வாங்கிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் காலை வெப் மெயிலில் யாராலும் நுழைய முடிந்திருக்காது.

பழைய சர்வரை நீக்கும் முன் இரண்டு வாரம் அணைத்து வைத்தோம். நல்லவேளை. எடைமேடை மென்பொருளும் மாடியில் இருக்கும் ஸ்கேனரும் மெயில் அனுப்புவதை நிறுத்தின. இரண்டிலும் யாரோ எப்போதோ பழைய ஐபியை எண்ணாகவே அடித்து வைத்திருக்கிறார்கள். டிஎன்எஸ்ஸை எத்தனை அழகாக மாற்றினாலும் இவற்றுக்குப் போய்ச் சேராது. ஸ்கேனருக்குப் பெயரை மாற்றிக் கொடுத்தும் வேலை செய்யவில்லை; அதற்குத் தெரிந்தது டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) 1.0, புது சர்வர் 1.2-க்குக் கீழே பேசாது. கடைசியில் அந்த இரண்டு ஐபிக்கு மட்டும் 25-ஆம் போர்ட்டில், குறியாக்கம் கேட்காத தனி ரிசீவ் கனெக்டர் (மெயிலை உள்ளே வாங்கும் வாசல்) போட்டோம். பழைய சர்வரில் கனெக்டர் லாகை ஒரு வாரம் திறந்து வைத்திருந்தால் யார் யார் வருகிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டு வருடத்தில் மிக மோசமான நாள் 2025-இல் சான்றிதழ் புதுப்பித்த மறுநாள். வெளியூரில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதிகளின் அவுட்லுக் மட்டும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தது. சரியாகப் போட்டாலும் மறுபடி கேட்கும். அலுவலகத்துக்குள் எல்லோருக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. நான்கு பேருக்குப் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன், பலனில்லை. சான்றிதழ் எச்சரிக்கை எதுவும் வராததால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

எங்களுடையது 2019-இன் 14-வது கியூமுலேட்டிவ் அப்டேட்டில் (முந்தைய திருத்தங்களையும் சேர்த்துத் தரும் அப்டேட்) நிறுவியது. அதிலிருந்து எக்ஸ்டெண்டட் புரொடெக்‌ஷன் தானாகவே இயங்கும். பயனருக்குத் தெரியும் சான்றிதழும் சர்வரில் இருக்கும் சான்றிதழும் ஒன்றுதானா என்று அது ஒப்பிடும். எங்கள் ஃபயர்வால் வெளி இணைப்பை நடுவில் பிரித்து மறுபடி குறியாக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்கும் அதே சான்றிதழ் வேண்டும். நான் சர்வரில் புதியதைப் போட்டேன், ஃபயர்வாலில் மறந்துவிட்டேன். அங்கே இருந்த பழையதற்கு இன்னும் 12 நாள் ஆயுள் இருந்ததால் அதுவும் செல்லுபடியாகும் சான்றிதழ்தான், எச்சரிக்கை எப்படி வரும்? இரண்டிலும் ஒன்றைப் போட்ட அடுத்த நிமிடம் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பாஸ்வேர்டு மாற்றிய நான்கு பேருக்கு மட்டும் இன்னும் என் மேல் கோபம்.

எஸ்இ-க்கு மாறியது கதையே இல்லை. முதலில் 15-வது அப்டேட்டுக்குப் போய், அப்புறம் அதன்மேலேயே நிறுவினோம். சர்வரும் பெயரும் ஐபியும் அதேதான், சான்றிதழும் அப்படியே. ஒரு சனிக்கிழமை மதியத்தோடு முடிந்தது.

இப்போது இருக்கும் கவலை வேறு. 2026 மார்ச் 15 முதல் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. 200 நாள் வரம்பு வருவதற்கு முன்பே, 2026 பிப்ரவரி முதல் வாரத்தில் புதுப்பித்து, கடைசியாக ஒரு முறை 398 நாள் வாங்கிவிட்டேன். சர்வர் பக்கத்தை வின்-ஆக்மி (சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும்படி சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாயிற்று, நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஃபயர்வாலில்தான் இன்னும் கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது. 47 நாளுக்கு ஒரு முறை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கையால் மாற்றுவது எனக்கு நடக்காத காரியம். ஃபயர்வால் விற்றவரிடம் ஏபிஐ (கையால் செய்யாமல் மென்பொருள் வழியே மாற்றும் வசதி) உண்டா என்று கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பையனின் காலண்டரில் 2027 மார்ச் முதல் வாரத்தில் ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் "ரெண்டு இடம்" என்று எழுதியிருக்கிறது.