மண்டபத்தில் உட்கார்ந்து வானத்து அலையைப் பிடிக்க: பலூனா, ரேடாரா, செயற்கைக்கோளா?

மண்டபத்தில் வடக்கே பார்த்தால் பெண் கடல், தெற்கே பார்த்தால் ஆண் கடல். இரண்டின் அலையும் கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேலே காற்றில் ஓடுகிற அலை தெரியாது. அதில் சிலது முகட்டுக்கு முகடு 40,000 கி.மீ., அதாவது பூமியின் சுற்றளவு முழுக்க ஒரே அலை. எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதை எடுத்திருக்கும் என் தங்கை மகன், "எந்தத் தரவை எடுக்கட்டும் மாமா?" என்றான்.

வானிலை பலூன் தரவு சுலபம். சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் நிலையங்களின் பதிவுகள் காசில்லாமல் கிடைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே ஓடும் கெல்வின் அலையை 1968-ல் வாலஸும் கௌஸ்கியும் கண்டதே பலூன் அளவீடுகளில்தான். ஆனால் 30 கி.மீ. சுமாருக்குப் போனதும் பலூன் வெடித்துவிடும். மேல் வளிமண்டலம் என்று தலைப்பு வைத்துவிட்டு அங்கேயே நின்றால் தேர்வாளர் விடமாட்டார்.

அடுத்தது ரேடார். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் வைத்த நடுஅலை ரேடார், 80 முதல் 100 கி.மீ. வரையான காற்றை அளப்பது. இதன் அழகு, கிழக்கு-மேற்குக் காற்றையும் வடக்கு-தெற்குக் காற்றையும் தனித்தனியாகத் தருவது. 3, 4 நாளுக்கு ஒருமுறை கிழக்கு-மேற்குக் கோடு ஏறி இறங்க, வடக்கு-தெற்குக் கோட்டில் அந்த ஆட்டமே காணோம் என்றால், அநேகமாகக் கெல்வின் அலை. 2 நாள் ஆட்டம் வடக்கு-தெற்கில் பலமாக இருந்தால் ஆள் வேறு. சோழகமா வாடையா என்று கடலோடி முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்வாரே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு எச்சரிக்கை: நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் இருப்பதால் 94 கி.மீ.க்கு மேலே மின்தாரையின், அதாவது அந்தக் கோட்டை ஒட்டி வானில் பாயும் மின்னோட்டத்தின், குறுக்கீடு உண்டு. அந்த எண்களைக் காற்று என்று நம்பிவிடக் கூடாது.

ரேடாரால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று பார்ப்பதால், பூமியைச் சுற்றி ஒரு முகடா மூன்று முகடா என்று அதற்குத் தெரியாது. அதற்குச் செயற்கைக்கோள் வேண்டும். 2001 டிசம்பரில் ஏவிய டைம்ட் செயற்கைக்கோளின் சேபர் கருவி, நாளுக்குச் சுமார் 15 சுற்றில் உலகம் முழுவதன் வெப்பநிலையை 100 கி.மீ. தாண்டியும் எடுத்தது. முகடுகளை எண்ணிவிடலாம். சங்கடம் என்னவென்றால், ஒரு அட்சரேகையை நாளுக்கு இரண்டு நேரத்தில்தான் பார்க்கும். 24 மணி நேரத்தையும் நிரப்ப 60 நாள் ஆகும். அதனால் வேகமான அலை ஒன்று இன்னொன்றின் வேஷத்தில் வந்து நிற்கும்.

ஒன்றுதான் என்றால் நான் ரேடாரை எடுப்பேன். நேரமிருந்தால் அதில் அலை கிடைத்த நாட்களுக்கு மட்டும் சேபரைப் பார்த்து முகடுகளை எண்ணலாம்.

"ராமநாதபுரம் கரையில இந்த மாதிரி ரேடார் இல்லையே மாமா, கிருஷ்ணாபுரம் 160 கி.மீ. தள்ளியில்ல இருக்கு?"

40,000 கி.மீ. அலையில் அது ஒன்றரைப் பாகைகூட வராது. அங்கே முகடு என்றால் மண்டபத்துக்கு மேலேயும் முகடுதான்.