பேனிக்கா, அலாரமா? திடீர் பயத்துக்கு எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் திடீர் பயத்தை எழுதும்போது இந்த இரண்டில் எதைப் போடுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். பிறந்த கதை தெரிந்தால் குழப்பம் போய்விடும்.

பிறப்பு
பேனிக்: பான் என்பவர் கிரேக்கர்களின் இடையர் தெய்வம், ஆட்டுக்காலும் கொம்பும் உடையவர். ஆளரவமற்ற மலைக்காட்டில் மந்தை காரணமின்றி மிரண்டு ஓடினால், அது பானின் வேலை என்றார்கள். அவர் பெயரிலிருந்தே 'பேனிக்' வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இது.
அலாரம்: 'ஆயுதம் எடுங்கள்!' என்ற இத்தாலியப் போர்க்குரல். நம் வீட்டுக் கடிகார அலாரமும் இதே சொல்தான்.

காரணம்
பேனிக்: இருக்க வேண்டியதில்லை.
அலாரம்: ஆபத்தின் அறிகுறி கண்ணில் பட்டிருக்கும்.

விளைவு
பேனிக்: புத்தி தடுமாறும், கூட்டத்துக்கே தொற்றும்.
அலாரம்: உஷாராக்கும்.

வதந்தி கேட்டு மக்கள் வங்கி வாசலில் முண்டியடித்தால் பேனிக்; 1907இல் அமெரிக்காவில் நடந்த வங்கி நெருக்கடிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் ஏறுவதைப் பார்த்து ஊர் பதறி எழுந்தால் அலாரம்.