பனிச்சரிவைத் தடுக்கும் சுவருக்குள் ஒரு அருங்காட்சியகம்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், பட்ஸ்னவுன் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் 1,584 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் கால்ட்டூர். அங்கே உள்ள அல்பினாரியும் அருங்காட்சியகத்துக்காகவே போனேன், அரை நாள் போனதே தெரியவில்லை. 1999 பிப்ரவரி 23 அன்று மாலை 4 மணி வாக்கில், பாதுகாப்பானது என்று நம்பியிருந்த வீடுகள் வரைக்கும் பனிச்சரிவு பாய்ந்து 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்து வால்ட்சூரில் இன்னும் 7 பேர். அதற்கப்புறம் கட்டிய தடுப்புச் சுவரின் முதுகிலேயே இந்தக் கட்டடத்தை ஒட்ட வைத்திருக்கிறார்கள். மலைப் பக்கம் ஜன்னலே இல்லாத வெறும் கான்கிரீட். கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. ஊர்ப் பக்கம் திரும்பினால் வெளிச்சம், தேவாலயக் கோபுரம், குடியிருப்புகள்.

மத்திய காலத்தில் சுவிஸ் பக்கமிருந்து மலை தாண்டி வந்து குடியேறிய வால்சர்களின் கதையும் இந்த ஊரில் உண்டு. அவ்வளவு பனியிலும் மாடு வளர்த்துப் பிழைத்தவர்கள்! அதை நினைத்துக்கொண்டே ஊரைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு வீடும் வேறு மாதிரி தெரிகிறது.

பனிச்சறுக்குக்கு மட்டும் இதே பள்ளத்தாக்கில் உள்ள இஷ்குல் ஊருக்குப் போகிறவர்கள், தயவுசெய்து பேருந்து ஏறி இங்கேயும் வாருங்கள். குழந்தைகளை அழைத்து வந்தால் 1999 பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.