மழலையர் கல்வி டிப்ளோமா: சேரும் முன் பயிற்சி மையத்தைப் பாருங்கள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் ஆறாம் படிவமா, கல்லூரியா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் தனியார் கல்லூரிகள் காட்டும் வழிகளில் ஒன்று மழலையர் கல்வி டிப்ளோமா. 'சின்னப் பிள்ளைகளோடு விளையாடுற படிப்புதானே' என்று சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப் போகிறார்கள். எழுத்து வேலை அவ்வளவு.

கோட்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: குழந்தை உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி, 1907-இல் ரோமில் முதல் மழலையர் இல்லத்தைத் தொடங்கிய மாண்டிசோரி. மனப்பாடம் செய்தே தேறிவிடலாம். படிப்பின் உயிர் கவனிப்புக் குறிப்பில் இருக்கிறது. பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்துக் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'முரட்டுப் பையன்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். 'கட்டையை இழுத்தான், தோழன் விடவில்லை, அவன் கையைத் தட்டிவிட்டான்' என்பதுதான் குறிப்பு. ஏன் அப்படிச் செய்தான் என்பது தனிப் பத்தி. இரவில் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும்போதுதான் இது கெடுகிறது. செயல் மறந்துபோய் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும்.

வயதைக் கணக்கிடுவதிலும் வழுக்குகிறார்கள். 8 வாரம் முன்னதாகப் பிறந்த 12 மாதக் குழந்தையை ஏறக்குறைய 10 மாதக் குழந்தையாகத்தான் மதிப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் தேவை. அதை விட்டுவிட்டு 'வளர்ச்சி பின்தங்கியுள்ளது' என்று எழுதிப் பெற்றோரைப் பதற வைக்கக் கூடாது.

படிப்பின் பலவீனம் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில். 4 வயதுக்குட்பட்டோருக்கான பராமரிப்பு மையமான தாஸ்கா 1984-ஆம் ஆண்டின் 308-ஆம் சட்டப்படி சமூக நலத் துறையின்கீழ் வருகிறது. பாலர் பள்ளியான தாடிகா 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்கீழ். பயிற்சியை முழுக்கத் தாடிகாவிலேயே முடித்த மாணவிக்குப் பால் கலக்கத் தெரியாது: கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் மாவைச் சேர்க்க வேண்டும், பிறகு குளிரவைத்துக் கொடுக்க வேண்டும், கலந்து 2 மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்ட வேண்டும். ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற ஆள் விகிதமும் குழம்பும். மலேசியாவில் ஒரு வயதுக்குக் கீழ் 1:3, ஒன்று முதல் மூன்று வரை 1:5, மூன்று முதல் நான்கு வரை 1:10. பிரிட்டிஷ் பாடக்குறிப்பை அப்படியே கொடுக்கும் இடங்களில் மூன்று வயதுக்கு மேல் 1:8 என்ற இங்கிலாந்துக் கணக்கு மனத்தில் பதிந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில் அதைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

கற்றல் பொருள் செய்யும் பாடம் அருமை. பல்லாங்குழியில் புளியங்கொட்டை போட்டு எண்ணுவது விரல் பிடிமானத்துக்கும் நல்ல பயிற்சி, ஆனால் மூன்று வயதுக்கு மேல்தான். கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயில் நுழையும் எதுவும் அதற்குக் கீழுள்ள குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கலாம். அழகாக இருக்கிறதென்று குன்றிமணி கொண்டு வருபவர்களும் உண்டு. அது விஷம், வகுப்பறைப் பக்கமே வேண்டாம்.

ஆக, இந்தப் படிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். மீதி ஒன்றரையைப் பயிற்சி மையம்தான் தீர்மானிக்கும். பயிற்சி மாணவியை ஆள் விகிதத்தில் ஒருவராகக் கணக்குப் பார்க்கும் மையத்தில் கவனிப்புக் குறிப்பு எழுத நேரமே கிடைக்காது; டயப்பர் மாற்றுவதும் வண்ணத் தாள் ஒட்டுவதுமாகவே நாள் போகும். தாஸ்காவில் எத்தனை வாரம், தாடிகாவில் எத்தனை வாரம், விரிவுரையாளர் எத்தனை முறை வந்து பார்ப்பார் என்பதை எழுத்தில் கேளுங்கள். தாஸ்கா வேலைக்குக் கேட்கும் கே.ஏ.பி. என்ற குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழ் படிப்புக்குள் அடங்குமா, தனியாக எடுக்க வேண்டுமா என்றும் விசாரியுங்கள். கட்டணம் கட்டுமுன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடுங்கள்; அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்காது. எஸ்.பி.எம். கிரெடிட் போதாதவர்கள் எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழின் மூன்றாம் நிலை வழியாக வரலாம். அதில் செய்முறை கூடுதல், கட்டுரை குறைவு.