ராமநாதபுரத்தில் டார்க் ரென்ச் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மண்டபத்தில் குடியிருக்கிறேன். வடக்கிலும் தெற்கிலும் கடல். உப்புக்காற்றில் மோட்டார் சைக்கிள் போல்ட்டுகள் ஒரு வாடைக்காலம் தாண்டுவதற்குள் துருவேறி இறுகிவிடும் என்பதால், ஆயில் மாற்றுவது, பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் நானே வீட்டில் செய்துகொள்கிறேன். என் தங்கை தினமும் அந்த வண்டியில்தான் பாம்பன் பாலம் ஏறி வேலைக்குப் போகிறாள். கைப்பழக்கத்தை நம்பி முறுக்கி அனுப்ப மனம் ஒப்பவில்லை. அதற்காகத்தான், போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரென்ச் வாங்க, போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கருவிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை அளவுள்ள பெரிய ரென்ச். “கார், பைக் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் தம்பி” என்றார். பொய். மோட்டார் சைக்கிளில் நிறைய இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10, 12 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். 28-இல் தொடங்கும் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. வேண்டாம் என்றதும், 5 முதல் 60 வரை அளவுள்ள, நாம் வைத்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தமிடும் வகையைக் கொண்டுவந்தார். விலை 3,400 ரூபாய். பெட்டியின் ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது. காட்டுவதற்காகப் பிரித்தது என்றார், நம்பினேன். அளவுச் சான்றிதழ் என்று ஒரு ஜெராக்ஸ் தாளையும் உள்ளே வைத்தார். அதிலிருந்த வரிசை எண் ரென்ச்சின் உடலில் பொறித்திருந்த எண் அல்ல என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்தச் சான்றிதழ் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகச் சோதித்துத் தருவது. எண் வேறென்றால் அது வெறும் காகிதம்.

வாங்கிய ஒன்பதாம் நாள் ஆயில் மாற்றினேன். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு என் வண்டிக் கையேட்டில் 24 நியூட்டன் மீட்டர் போட்டிருக்கிறது. மரையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, 24-இல் வைத்து முறுக்கினேன். சத்தம் வரவில்லை. போதும் என்று மணிக்கட்டு சொன்னது. ஆனால் கருவியை நம்புவதற்காகத்தானே பணம் கொடுத்தோம் என்று இன்னும் அழுத்தினேன். திடீரென்று போல்ட் இளகிச் சும்மா சுற்றியது. என்ஜின் அடிப்பகுதியின் அலுமினிய மரை உரிந்துவிட்டது.

மறுநாள் பக்கத்துப் பட்டறைக்குப் போய் ரென்ச்சின் சதுர முனையை வைஸில் கிடையாகப் பிடித்துக்கொண்டேன். முனையின் மையத்திலிருந்து சரியாக 30 சென்டிமீட்டரில், கைப்பிடியின் நடுவில், ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினேன். 24-இல் வைத்த ரென்ச், கேனும் தண்ணீரும் சேர்ந்து 8 கிலோவைத் தாண்டும்போதே சத்தமிட்டிருக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு கேனை மீன் எடுக்கிற தராசில் வைத்தால் 13 கிலோ! 13-ஐ 9.8-ஆலும் 0.3-ஆலும் பெருக்கினால் 38 நியூட்டன் மீட்டர். ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரம் இந்த வகை ரென்ச்சுக்கு, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல், 4 சதவீதப் பிழையைத்தான் அனுமதிக்கிறது. அன்று மாலையே, அதே ரென்ச்சால் நான் முறுக்கியிருந்த பிரேக் காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றிப் புதிது மாற்றினேன். தங்கை பாலத்தின் மேல் போகும்போது அவற்றில் ஒன்று முறிந்திருந்தால் என்ற நினைப்பில் இரண்டு நாள் தூங்கவில்லை.

திருப்பித் தரப் போனபோது கடைக்காரர் ரென்ச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “உங்கள் ஊர் உப்புக்காற்றில் எது நிற்கும் தம்பி? ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும்” என்றார். ஒன்பது நாளில், எண்ணெய்த்துணி சுற்றிப் பெட்டிக்குள் இருந்த ஸ்பிரிங்! எங்கள் காற்றின் மேல் பழி போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பில் கேட்டபோது, அன்று கொடுத்த ‘எஸ்டிமேட்’ துண்டுச்சீட்டே போதும் என்றார். அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறைகள். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு இருப்பதால் வாங்கியதை மறுக்க முடியாது. பணமாகக் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

உரிந்த மரைக்கு லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச்சுருள்) போட்டுக் கொடுத்தார்கள், 1,200 ரூபாய். இப்போது முள் காட்டும் பழைய வகை ரென்ச் வாங்கியிருக்கிறேன். அதில் கெட்டுப்போக ஸ்பிரிங் இல்லை, வளையும் கம்பிதான் அளவு. வேலை செய்யாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். ‘டக்’ வகைதான் வேண்டுமென்றால், உங்கள் வண்டிக் கையேட்டு அளவுகள் அதன் நடுப்பகுதியில் விழுகின்றனவா என்று பாருங்கள். வரிசை எண்ணைச் சான்றிதழோடு கடையிலேயே ஒப்பிடுங்கள். இன்னொன்று: துருவுக்குப் பயந்து நம் பக்கத்தில் மரைக்கு கிரீஸ் தடவுகிறோம். கையேட்டு அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் பட்ட மரையில் அதே அளவு வைத்தால் போல்ட் அதிகமாக இழுபடும்.

பெட்டி, ஜெராக்ஸ், துண்டுச்சீட்டு மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் ராமநாதபுரத்தில் இதே 5–60 ரென்ச்சை ஜெராக்ஸ் சான்றிதழோடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன் கேனைக் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிலோவில் சத்தம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.