மர நிழலில் நிற்கும் கேம்பர் வேனுக்கு எந்த சோலார் பேனல்? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

கொடைக்கானல், வால்பாறை, மூணாறு பக்கம் வேனை நிறுத்துகிறவர்கள் நிழல் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். வெயிலில் நின்றால் உள்ளே உட்கார முடியாது. நிழலில் நின்றால் கூரைமேல் இருக்கும் 400 வாட் பேனல் படுத்துவிடும். கடையில் கேட்டால் "இன்னொரு பேனல் போட்டுடுங்க" என்பார்கள். பெரும்பாலும் அது காசுக்குக் கேடு. விழுவது எந்த மாதிரி நிழல் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூரையிலேயே இருக்கும் ஏசி பெட்டி, வென்ட் மூடி, கேரியர் கம்பி ஆகியவற்றின் நிழல் சின்னது. ஆனால் அழுத்தமாக விழும். மரத்தின் நிழல் பேனல் முழுவதையும் மந்தமாக மூடும். இந்த இரண்டுக்கும் வயரிங் நேரெதிர். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

சாதாரண 100 வாட் மோனோ பேனலில் 36 செல்கள் சங்கிலி மாதிரி சீரிஸில் இருக்கும். பின்னால் ஜங்ஷன் பாக்ஸில் (வயர்கள் சேரும் பெட்டி) பொதுவாக இரண்டு பைபாஸ் டையோடுகள், அதாவது நிழல் விழுந்த செல்களைத் தாண்டி கரன்ட் போக மாற்றுவழி தருபவை. ஒவ்வொன்றின் பொறுப்பில் 18 செல்கள். ஒரே ஒரு தேக்கிலை விழுந்து ஒரு செல்லை மூடினால் போதும், அந்த 18 செல்லும் கணக்கிலிருந்து போய்விடும். 18 வோல்ட் பேனல் 9 வோல்ட் பேனலாகிவிடும். 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்ய 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆக, நல்ல வெயிலிலும் ஓர் இலையால் அந்தப் பேனல் மொத்தமும் வீண்.

"நிழல் என்றால் பேரலல்தான்" (பேனல்களைச் சங்கிலியாக்காமல் பக்கம் பக்கமாக இணைப்பது) என்ற பேச்சு பாதி உண்மை என்பது இதனால்தான். 9 வோல்ட்டுக்கு இறங்கிய பேனலை நல்ல பேனலோடு பேரலலில் கோத்தால் அது ஒன்றுமே தராது. சீரிஸில் கோத்தால் 18-ம் 9-ம் சேர்ந்து 27 வோல்ட். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் அதை இறக்கி பேட்டரிக்குக் கொடுத்துவிடும், இழப்பு கால் பங்குதான். ஒரு பேனல் முழுவதும் மர நிழலில் இருந்தால் கதை மாறும். அப்போது வோல்டேஜ் பெரிதாக இறங்காது, கரன்ட்தான் விழும். சீரிஸில் அந்தக் குறைந்த கரன்ட் மற்ற பேனலையும் இழுத்துப் பிடிக்கும், அல்லது நிழலில் இருப்பது பைபாஸாகி அதன் பங்கு சுத்தமாகப் போகும். பேரலலில் அது தன்னால் முடிந்ததைச் சேர்க்கும்.

நான்கு 100 வாட் பேனல் இருந்தால், கூரையின் இடப்பக்க இரண்டை ஒரு சீரிஸ் ஜோடியாகவும் வலப்பக்க இரண்டை இன்னொரு ஜோடியாகவும் கட்டுவது நல்லது. ஜோடிக்கு ஒரு கன்ட்ரோலர் வைத்தால் இன்னும் நல்லது. விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15 கன்ட்ரோலர் (பேனல் பக்கம் 75 வோல்ட் வரை, சார்ஜ் 15 ஆம்பியர் வரை), 12 வோல்ட் பேட்டரியில் 220 வாட் வரை தாங்கும். ஒரே 100/30-க்குப் பதில் இது இரண்டு. காலையில் இடப்பக்கம் மரம் மறைத்தாலும் வலப்பக்கம் தன் வேலையைப் பார்க்கும். இந்த கன்ட்ரோலர் வேலை தொடங்க, பேனல் வோல்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி 13.3-இல் நின்றால் 18.3 வேண்டும். சூடேறிய கூரையில் ஒற்றைப் பேனலுக்கு அது இழுபறி, ஜோடிக்கு எளிது. நான்கையும் ஒரே சீரிஸில் கோர்க்கக் கூடாது. கரன்ட் எடுக்காதபோது 18 வோல்ட் பேனல் 22 வோல்ட் காட்டும்; அந்த வீதம் நான்குக்கு 88 ஆகும். குளிரில் பேனல் வோல்டேஜ் ஏறும் என்பதால் லடாக் போன்ற இடத்தில் விடியற்காலையில் அது 100-ஐ நெருங்கும். 100 வோல்ட் கன்ட்ரோலர் போய்விடலாம்.

பொருத்தும் திசையை யாரும் கவனிப்பதில்லை. 36 செல்களும் நீளவாக்கில் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை. ஒரு டையோடுக்கு இரண்டு வரிசை. வென்ட் மூடியின் நிழல் நீளமான ஓரத்தில் விழுந்தால் ஒரு வரிசை அடிபட்டு பாதி போகும். குட்டையான ஓரத்தில் குறுக்கே விழுந்தால் நான்கு வரிசையும் மாட்டி, பேனல் பூஜ்யம். அதனால் நிழல் தரும் பொருள் பேனலின் நீள ஓரத்துப் பக்கம் இருக்கட்டும். மெல்லிய ஆன்டெனா கம்பிக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம்: 10 மில்லிமீட்டர் கம்பி பேனலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகி இருந்தால் முழு நிழலே விழாது, மங்கல் கோடுதான்.

வீட்டுக்கூரைக்கு வரும் 400 வாட் ஹாஃப்-கட் பேனல் (செல்களைப் பாதியாக வெட்டி மேல், கீழ் என இரு பிரிவாகக் கட்டியது) நிழலை நன்றாகவே தாங்கும். கீழ்ப்பாதி மறைந்தாலும் மேல்பாதி தரும். ஆனால் 1.7 மீட்டருக்கு 1.1 மீட்டர், 20 கிலோவுக்கு மேல். கூரையில் தடையில்லாத இடமிருந்தால் எடுக்கலாம். ஒட்டும் ஃப்ளெக்ஸிபிள் பேனல் வேண்டாம். கீழே காற்று போகாமல் வெந்து சீக்கிரம் கெடும்.

அடர்ந்த சோலைக்குள் எந்தப் பேனலும் கைகொடுக்காது. 400 வாட் பத்தில் ஒரு பங்காக இறங்கினால் 40 வாட். ஆறு மணி நேரத்துக்கு 240 வாட்-அவர், அதாவது 20 ஆம்பியர்-அவரை ஒட்டி. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒரு நாளில் அதைவிடக் கூடுதலாகத் தின்னும். இங்கே ஐந்தாவது பேனலுக்குக் கொடுக்கும் பணத்தை, வண்டி ஓடும்போது எஞ்சின் பக்கத்து மின்சாரத்தில் பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜரில் போடலாம். 30 ஆம்பியர் சார்ஜர், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர்-அவர் ஏற்றிவிடும்.

மற்ற வழி, வேன் நிழலில், பேனல் வெயிலில். 200 வாட் மடிப்புப் பேனலும் 10 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும் போதும். 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் ஓடினால் போகவர 20 மீட்டரில் ஒரு வோல்ட் போகும். மடிப்பின் இரு பாதியையும் சீரிஸாக்கி 36 வோல்ட்டில் கொண்டுவந்தால் அரை வோல்ட்தான். பேனலின் முதுகிலேயே ஒட்டிவரும் சின்ன கன்ட்ரோலரைத் தவிர்த்துவிட்டு, பேட்டரி பக்கத்தில் தனி கன்ட்ரோலர் வையுங்கள். இல்லாவிட்டால் கேபிளில் விழும் வோல்ட்டைக் கணக்கில் எடுக்காமல், பேட்டரி நிறைந்துவிட்டதென்று அது சீக்கிரமே சார்ஜைக் குறைத்துவிடும். குரங்கு நடமாடும் இடத்தில் தரைப் பேனலைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

நிழலில் நிற்கும் வண்டிக்கு லெட்-ஆசிட் பேட்டரி ஒத்துவராது. கடைசிக் கட்ட சார்ஜுக்குப் பல மணி நேரம் 14.4 வோல்ட் வேண்டும். அது கிடைக்காமல் அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்ஃபேட் படிந்து பேட்டரி கெடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அரை வயிற்றிலும் சௌக்கியமாக இருக்கும்.

அடிக்கடி பகுதி நிழலில் நிற்கும் பேனலில் டையோடுகள் ஓயாமல் சூடாகி, நாளடைவில் கெடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்றி, நல்ல வெயிலில் பேனல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். கழற்றும் முன் பேனலைப் போர்வையால் மூடிவிட வேண்டும். ஓடும் கரன்ட்டில் பிரித்தால் பொறி பறக்கும். 22 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11 வந்தால் ஒரு டையோடு ஷார்ட் ஆகிவிட்டது. 22 வந்தும் ஒரே செல் பழுப்பாகக் கருகியிருந்தால் டையோடு உள்ளே அறுந்து கரன்ட்டை விடாமல் போயிருக்கலாம்; அந்தப் பேனலை உடனே கழற்றிவிடுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் மூடி திறக்கிற வகையாக இருந்தால் அதே ரேட்டிங்கில் புது டையோடு சால்டர் செய்யலாம். உள்ளே சிலிகான் ஊற்றி அடைத்திருந்தால் பேனலையே மாற்ற வேண்டியதுதான்.